பதினாறு வகையா, ஐந்து பண்பா?

உளவியல் படிக்கிறேன் என்றாலே, "அப்போ நான் என்ன டைப்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் மனதில் இருப்பது எம்பிடிஐ. உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் முன்வைத்த கருத்துகளிலிருந்து காத்தரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கிய ஆளுமைச் சோதனை அது. மொத்தம் 16 வகை. தன்னைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவருக்குப் பேச்சைத் தொடங்க உதவும், மறுக்கவில்லை.

ஆனால் என் ஓட்டு 'பிக் ஃபைவ்' முறைக்குத்தான். புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகத்தன்மை (மற்றவர்களோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு), இணக்கம், மனப்பதற்றம் என ஐந்து பண்புகள். ஒவ்வொன்றிலும் நாம் கூடுதலா, குறைவா, நடுவிலா என்று பார்க்கிறார்கள். பெரும்பாலோர் நடுப்பகுதியில்தான் இருக்கிறோம். எம்பிடிஐயிலோ நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் அகமுகி, அந்தப் பக்கம் சாய்ந்தால் புறமுகி. சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் வகையே மாறிவிடலாம். ஆள் அப்படியேதான் இருப்பார்.

வளர்ச்சி என்று வரும்போது வித்தியாசம் இன்னும் பெரிது. "நான் இந்த டைப், எனக்கு மேடையெல்லாம் ஒத்துவராது" என்று இருபது வயதிலேயே ஒதுங்குகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டப்படுகிறது. ஆனால் பண்புகள் மாறக்கூடியவை: இளமையிலிருந்து நடுவயதுக்குள் பொறுப்புணர்வு சராசரியாகக் கூடுவதையும் மனப்பதற்றம் குறைவதையும் நீண்டகால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

சரி, எழுதிப் பார்க்க ஆசையா? பிக் ஃபைவ் பண்புகளை அளக்கும், 120 கேள்விகள் கொண்ட ஐபிஐபி-நியோ என்ற சோதனை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.