இன்ஜின் மவுண்டை இரண்டு முறை மாற்றிய பிறகு: 3 வருடம், 46,000 கி.மீ. அனுபவம்

இன்ஜினை வண்டியின் பாடியோடு தாங்கிப் பிடித்து, அதன் அதிர்வு உள்ளே வராமல் தடுக்கும் ரப்பர் வைத்த தாங்கிதான் மவுண்ட். புது மவுண்ட் போட்ட வாரத்திலேயே எழுதினால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். முதல் முறை மாற்றிய கையோடு நான் எழுதியிருந்தால் தப்பான ஒன்றைப் பாராட்டி எழுதியிருப்பேன். அதனால்தான் இத்தனை நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். வண்டி 4 சிலிண்டர் பெட்ரோல், ஆட்டோமேட்டிக், முன்சக்கரம் இழுக்கும் வகை, இன்ஜின் குறுக்காக உட்கார்ந்திருக்கும். முதல் முறை மவுண்ட் மாற்றியபோது வயது 13, மீட்டரில் 1,42,000. இப்போது 1,88,000.

பிரச்சினை முதலில் தெரிந்தது சிக்னலில். ட்ரைவில் போட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றால் ஸ்டீயரிங் கையில் நடுங்கும், சீட்டுக்கு அடியில் ஒரு உறுமல், உள்கண்ணாடியில் பின்னால் நிற்கும் வண்டி கலங்கலாகத் தெரியும். நியூட்ரலுக்குத் தள்ளினால் பாதிக்கு மேல் அடங்கிவிடும். ஏசி ஓடினால் இன்னும் மோசம். அப்புறம் ரிவர்ஸிலிருந்து ட்ரைவுக்கு மாற்றும்போது அடியிலிருந்து ‘தொம்’ என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. சில மாதம் போனதும் இன்ஜினை அணைக்கும்போதுகூட வண்டி முழுக்க ஒரு உதறு உதறித்தான் நின்றது.

அந்த ‘தொம்’மைக் கேட்ட ஒரு ஒர்க்‌ஷாப்பில் கியர்பாக்ஸை இறக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அன்று வீட்டுக்கு வரும்போது வண்டியை விற்றுவிடலாம் என்றே முடிவு செய்திருந்தேன், இவ்வளவு வருடம் ஒரு நாள்கூட நடுவழியில் நிற்காத வண்டி என்பதால் மனசு வரவில்லை, அவ்வளவுதான். நடுக்கத்துக்காக இன்னொரு பக்கம் ஸ்பார்க் பிளக், ஒரு இக்னிஷன் காயில், த்ராட்டில் பாடி கிளீனிங் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். பிளக் எப்படியும் மாற்ற வேண்டிய கட்டத்தில் இருந்தது, அது வீணில்லை. காயில் வீண். நான்கு சிலிண்டரிலும் மிஸ்ஃபயர் (பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுவது) எண்ணிக்கை பூஜ்யம் என்று ஸ்கேனர் காட்டியபோதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

மிஸ்ஃபயர் என்றால் நியூட்ரலிலும் விட்டுவிட்டு உதைக்கும், தாளம் தப்பும். மவுண்ட் போயிருந்தால் நடுக்கம் ஒரே சீராக இருக்கும், ட்ரைவில் கூடும், நியூட்ரலில் குறையும். ட்ரைவில் நிற்கும்போது, இன்ஜினையும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸையும் திரவத்தால் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டர் இன்ஜினுக்குச் சுமை கொடுத்துக்கொண்டே இருக்கிறது, அந்தச் சுமையில் இன்ஜின் ஒரு பக்கமாக முறுக்கிச் சாய்கிறது. ரப்பர் கிழிந்த மவுண்டில் அப்படிச் சாய்ந்தால் இரும்பு போய் இரும்பைத் தொடும், அதன்பிறகு நடுவில் ரப்பர் இருந்தும் பயனில்லை, இன்ஜினின் துடிப்பு நேரே பாடிக்குள் இறங்கிவிடும். என் வண்டியில் ஆக்சிலரேட்டரை நியூட்ரலில் லேசாகத் தொட்டு 750 ஆர்பிஎம்மை (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 1,000 ஆக்கினால் மிச்ச நடுக்கமும் சட்டென்று மறைந்தது. இதுவும் மவுண்ட் பக்கம் கை காட்டும் அடையாளம்தான், ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது, ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் ஐடில் வேகமே குறைவாக இருந்தாலும் இப்படி ஆகும்.

சந்தேகத்தைத் தீர்த்தது ஒரு நிமிடச் சோதனை. பானட்டைத் திறந்து வைத்து, மச்சானை உள்ளே உட்காரச் சொன்னேன். ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்து, கால் பிரேக்கையும் அழுத்தி மிதித்து, ட்ரைவில் போட்டு ஆக்சிலரேட்டரை ஒரே ஒரு விநாடி லேசாகத் தொட வேண்டும், பிறகு ரிவர்ஸிலும் அதே மாதிரி. “மாமா, நீங்க முன்னாடி நிக்காதீங்க” என்று அவனே சொன்னான், சரியாகச் சொன்னான். கால் நழுவினால் வண்டி பாயும், பக்கவாட்டில் நின்றுதான் பார்க்க வேண்டும். மிதித்த மிதியை அப்படியே பிடித்துக்கொண்டிருக்கவும் கூடாது, கியர்பாக்ஸ் ஆயில் வேகமாகச் சூடேறும். நல்ல மவுண்டிலும் இன்ஜின் கொஞ்சம் அசையத்தான் செய்யும். என் வண்டியில் அது இரண்டு விரல் அகலத்துக்கு எழும்பி ‘தொம்’ என்று உட்கார்ந்தது. கியர்பாக்ஸை இறக்கச் சொன்ன அதே சத்தம்.

பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் எல்லாம் கண்ணெதிரே இருந்தது. இந்த வண்டியில் மூன்று மவுண்ட். வலது பக்கம், பெல்ட் இருக்கும் பக்கத்தில் ஒன்று, இடது பக்கம் கியர்பாக்ஸைத் தாங்கும் ஒன்று, இந்த இரண்டும் எடையைச் சுமக்கும். கீழே பின்பக்கம் எலும்புத் துண்டு மாதிரி இருக்கும் டார்க் ராடு எடையைச் சுமக்காது, இன்ஜின் முன்னும் பின்னும் புரளாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை. வலது மவுண்டின் அடியில் கறுப்பாக ஏதோ வழிந்து காய்ந்திருந்தது, அது திரவம் நிரப்பிய ஹைட்ராலிக் மவுண்ட், திரவம் வெளியே வந்துவிட்டது. மேலே இன்ஜின் மூடியின் ஓரத்தை அடைக்கும் வால்வ் கவர் கேஸ்கெட்டிலிருந்து கசிந்த இன்ஜின் ஆயிலும் அதே ரப்பரின் மேல் சொட்டியிருக்கிறது. இயற்கை ரப்பருக்கு ஆயில் ஆகவே ஆகாது, ஊறி உப்பிக் கொழகொழத்துவிடும். டார்க் ராடை நெம்புகோலால் அசைத்தபோது நடுவிலுள்ள இரும்புக் குழாயிலிருந்து ரப்பர் பாதி பிரிந்து தொங்கியது. இவ்வளவு தெரிந்தும் முதல் முறை நான் வலது மவுண்டை மட்டும்தான் மாற்றினேன்.

அதிலும் ஹைட்ராலிக் வேண்டாம், அதே அளவில் கெட்டி ரப்பர் மவுண்ட் கிடைக்கிறது, விலை குறைவு, ஒழுகுவதற்கு உள்ளே ஒன்றுமில்லை என்று கடையில் சொன்னதை நம்பினேன். போல்ட் ஓட்டைகள் அச்சாகப் பொருந்தின. முதல் வாரம் ‘தொம்’ கிட்டத்தட்ட போய்விட்டது, அந்தச் சந்தோஷத்தில் வேறெதுவும் தெரியவில்லை. இரண்டாவது வாரம் சிக்னலில் நின்றபோது உள்ளங்கையில் ஒரு கூச்சம், பழைய நடுக்கத்தைவிட மெல்லியது, ஆனால் விடாமல் இருந்தது. டேஷ்போர்டுக்குள் ஏதோ ஒரு கிளிப் ‘கிரிகிரி’ என்றது. ரப்பர் புதிது, பழகப் பழகச் சரியாகும் என்றார்கள். ஆகவில்லை.

இது ஏன் என்று புரிந்துகொள்ளக் கொஞ்சம் படிக்க வேண்டியிருந்தது. 4 சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டு முறை எரியும், ஆக 750 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 25 தட்டு. இந்தச் சின்னத் தட்டுகளை உள்ளே விடாமல் இருக்க மவுண்ட் மென்மையாக இருக்க வேண்டும். ஆனால் பள்ளத்தில் இறங்கும்போதும் கியர் விழும்போதும் இன்ஜின் பெரிதாகக் குதிக்காமல் இருக்க அதே மவுண்ட் இறுக்கமாக இருக்க வேண்டும். ஹைட்ராலிக் மவுண்டில் இரண்டு அறைகள், நடுவே ஒரு நீண்ட குறுகிய வழி. பெரிய குலுக்கலில் திரவம் அந்த வழியாக நெருக்கித் தள்ளப்பட்டுக் குலுக்கலைத் தின்றுவிடும். சின்னத் துடிப்புக்கு உள்ளேயுள்ள மெல்லிய தகடு லேசாக அசைந்து கொடுத்துவிடும், திரவம் அந்த வழிக்குள் போகவே போகாது, மவுண்ட் மென்மையாகவே இருக்கும். கெட்டி ரப்பரால் இந்த இரண்டு வேஷமும் போட முடியாது. ஒரே இறுக்கம்தான், அந்த இறுக்கத்தைத் தாங்க வேண்டியது என் உள்ளங்கை.

11 மாதம், 14,000 கி.மீ. ஓடியதும் அந்தப் புது மவுண்டிலேயே ஒரு ஓரத்தில் ஆழமாக வெடிப்பு. ரப்பரின் தரம் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் நான் செய்ததுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். டார்க் ராடு பிடிக்காததால் ஒவ்வொரு கிளம்பலிலும் அந்த முறுக்கு முழுக்க இந்த ஒரு மவுண்டின் தலையில் விழுந்திருக்கிறது. கசிந்த ஆயிலையும் நான் நிறுத்தவில்லை. போதாததற்கு அதைப் பொருத்தியவர் இன்ஜின் ஜாக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஏர் கன்னால் எல்லா போல்ட்டையும் கடைசிவரை இறுக்கிவிட்டார், நானும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படி இறுக்கினால் ஜாக்கை எடுத்ததும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும், வண்டி சும்மா நிற்கும்போதுகூட அதற்கு ஓய்வில்லை.

இரண்டாவது முறை நானும் மச்சானும் சேர்ந்தே செய்தோம். முதலில் வால்வ் கவர் கேஸ்கெட்டை மாற்றி ஒழுகலை நிறுத்தி, ஒரு வாரம் ஓட்டிக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மவுண்டில் கை வைத்தோம். வலது பக்கம் வண்டியோடு வந்த அதே வகை ஹைட்ராலிக், இடதும் டார்க் ராடும் புதிது. முந்தின ராத்திரியே போல்ட்டுகளுக்குத் துரு இளக்கும் ஆயில் அடித்து வைத்தோம், அப்படியும் டார்க் ராடின் ஒரு போல்ட் மட்டும் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. மொத்தம் 5 மணி நேர வேலை.

சமதளம், பின்சக்கரத்துக்குக் கட்டை, முன்பக்கம் ஆக்சில் ஸ்டாண்டில். இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் ஆயில் பேனுக்கும் ஜாக்குக்கும் நடுவே அகலமான பலகை, ஏனென்றால் பேன் நெளிந்து உள்ளே ஆயில் உறிஞ்சும் குழாயை அடைத்தால் இன்ஜினுக்கே ஆபத்து. மவுண்டின் மேலிருந்து எடை விலகும் அளவுக்கு மட்டும் தூக்கினோம், அதற்கு மேல் தூக்கினால் ஹோஸும் வயரும் இழுபடும். பழைய பிராக்கெட் இருந்த இடத்தைச் சுற்றிப் பெயின்ட் பேனாவால் கோடு போட்டுக்கொண்டேன். ஒன்றைக் கழற்றி அதன் இடத்தில் புதியதை மாட்டிய பிறகே அடுத்தது. எல்லா போல்ட்டையும் கையால் சில சுற்று ஏற்றி, ஜாக்கை மெதுவாக இறக்கி, இன்ஜின் தன் எடையில் தானே உட்கார்ந்த பிறகு, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் இறுக்கினோம், அளவு அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதுதான். ஒரே ஒரு தடவை பயன்படுத்த வேண்டிய போல்ட்டுகளும் உண்டு, மேனுவல் அப்படிச் சொன்ன இடத்தில் புது போல்ட் போட்டேன். டார்க் ராடைத் தளர்வாகவே விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஸ்டார்ட் செய்து ரிவர்ஸ், நியூட்ரல், ட்ரைவ் என்று பிரேக்கில் நாலைந்து முறை மாற்றி, அணைத்து, ஸ்டாண்ட் கொடுத்து, கடைசியாக அதை இறுக்கினேன். இந்தக் கடைசிப் படியைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள்.

இது நடந்து 25 மாதம், 32,000 கி.மீ. ஆகிறது. ‘தொம்’ அன்றோடு போனது, இன்றுவரை வரவில்லை. கியர்பாக்ஸை யாரும் தொடவில்லை, அது இன்றும் வெண்ணெய் மாதிரி மாறுகிறது, பிரிக்கச் சொன்ன அன்றைக்கும் அதற்கு ஒன்றும் இல்லை. உள்ளங்கைக் கூச்சம் போனது. டேஷ்போர்டு கிளிப் சத்தமும் போனது, இத்தனைக்கும் நான் அந்தக் கிளிப்பைத் தேடிக்கூடப் பார்க்கவில்லை. பழைய மவுண்டோடு இன்ஜின் ஆடிய ஆட்டத்தில் எக்ஸாஸ்ட்டில் வளைந்து கொடுக்கும் வலைக்குழாய் கிழிந்திருந்தது, அதையும் அப்போதே மாற்றினேன், அது இன்னும் முழுசாக இருக்கிறது.

எல்லாமே புது வண்டி மாதிரி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஏசி கம்ப்ரசர் பிடிக்கும் கணத்தில் ஒரு சின்ன அதிர்வு உண்டு, முதல் வருடத்தைவிட இப்போது ஒரு பொட்டு கூடியிருக்கிறது. டார்க் ராடு ரப்பரின் மேல்தோலில் மயிரிழைக் கோடுகள் தெரிகின்றன. அதற்காகப் பயப்படவில்லை, ரப்பர் வெயிலிலும் சூட்டிலும் மேலே வெடிப்பது சகஜம், உள்ளே ஆழமாகக் கிழிவதும் இரும்பிலிருந்து பிரிவதும்தான் மாற்ற வேண்டிய அடையாளம்.

மேனுவல் கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு அறிகுறி கொஞ்சம் மாறும், கிளட்சை விட்டுக் கிளம்பும்போது வண்டி தத்தும், ஆக்சிலரேட்டரை மிதித்து விடும்போது கியர் லிவர் முன்னும் பின்னும் ஆடும். பாலியூரித்தேன் மவுண்ட் நன்றாக உழைக்கும் என்று பரிந்துரைப்பவர்கள் உண்டு. உழைக்கும்தான், ஆனால் கெட்டி ரப்பருக்கே நான் பட்டது போதும், அது ரப்பரைவிட இறுக்கம், தினமும் குடும்பத்தோடு போகும் வண்டிக்கு நான் போட மாட்டேன். வாங்கி ஸ்டாக் வைத்துக்கொள்வதும் வேண்டாம், அலமாரியில் இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே பானட் சோதனையைச் செய்கிறேன். போன வாரம் செய்தபோது இன்ஜின் அரை விரல் அகலம்கூட எழும்பவில்லை, வலது மவுண்டின் அடி காய்ந்து சுத்தமாக இருந்தது.