வேலியோர நிழலுக்கு மருளா, அக்லோனிமாவா, பெரணியா?

கோவையில் எங்கள் மருதாணி வேலியின் வடபுறம் இரண்டடி அகலத்தில் நீளமாக ஒரு பாத்தி. வேலி ஐந்தடி உயரம் என்பதால் ஆண்டின் பெரும்பகுதி அங்கே நேர் வெயில் விழாது. நர்சரியில் நிழலுக்கு என்று கேட்டபோது காட்டியவை மூன்று: பாஸ்டன் பெரணி, அக்லோனிமா, அப்புறம் ஸ்நேக் பிளான்ட் என்ற பெயரில் விற்கும் மருள். மூன்றையும் வைத்துப் பார்த்துவிட்டேன். இப்போது அங்கே நிற்பது மருள்தான்.

அழகில் பெரணிதான் முதல். நிறத்துக்கு அக்லோனிமா. மருளை யாரும் நின்று ரசிப்பதில்லை, சரி.

ஆனால் வேலியோரத்தில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வேலியின் வேர். பெரணிக்கு ஈரம் காயக்கூடாது என்று தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் போட்டுக் குழியை நிரப்பினேன். காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காய்ந்துவிடும். மூன்று மாதம் கழித்து, வாடிய ஒரு செடியைத் தோண்டினால் குழி முழுக்க மருதாணியின் சல்லிவேர் பின்னிக் கிடக்கிறது. நான் போட்டதெல்லாம் வேலிக்குத்தான் போயிருக்கிறது. வேலியோரம் ஒரு முழ ஆழத்துக்கு வேரை வெட்டிவிட்டேன்; ஈரம் இருக்கும் பக்கம் பார்த்து மறுபடி வந்துவிட்டது. அக்லோனிமாவைத் தொட்டியோடு புதைத்தேன். அடித்துளை வழியாக அதற்குள்ளும் நுழைந்தது.

அக்லோனிமா பெரணியைவிடத் தாங்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விட்டால் பிழைத்துக்கொள்ளும். ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து வந்தபோது இலைகள் சாய்ந்து கிடந்தன. மே மாதத்தில் இலை கருகவும் செய்தது. கோவை 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை உச்சிவெயில் வடக்கிலிருந்து விழும். அந்த நாலு மாதம் வேலியின் வடபுறத்தை நிழல் என்று நம்ப முடியாது. செடி வாங்கும்போது எனக்கு இது தோன்றவே இல்லை.

வேலியின் வேர், மே மாத வெயில், இந்த இரண்டுமே மருளுக்குப் பெரிய தொல்லை இல்லை. தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இலைத்துளைகள் பெரும்பாலும் இரவில் திறப்பதால் பகல் வெயிலில் இழப்பதும் குறைவு. கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருமுறைதான் ஊற்றுகிறேன். வேலி பாதியைக் குடித்தாலும் மீதி இதற்குப் போதும். நம் ஊர்க் காட்டு மருளின் நாரில் அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள். கடையில் கிடைப்பது மேற்கு ஆப்பிரிக்க இனம். உறுதியில் அதுவும் குறைந்ததில்லை.

இதற்கு ஆகாதது தேங்கும் தண்ணீர். ஐப்பசி மழையில் தாழ்வாக நட்ட இரண்டு செடிகள் கிழங்கோடு அழுகின. இப்போது மணல் கலந்து அரையடி மேடு கட்டித்தான் நடுகிறேன். மஞ்சள் கரை போட்ட வகையை இலைத்துண்டு வைத்து வளர்த்தால் கரை போய் வெறும் பச்சையாக வரும். கிழங்கைப் பிரித்துத்தான் நட வேண்டும். நாய் வளர்ப்பவர்கள் மட்டும் யோசியுங்கள். அக்லோனிமாவைப் போலவே மருளைக் கடித்தாலும் நாய்க்கு ஆகாது.

பாத்தியின் ஒரு முனையில் போன கார்த்திகையில் ஸ்பைடர் பிளான்ட் பத்து வைத்தேன். இதுவரை பச்சையாக நிற்கின்றன. ஆனால் அவை இன்னும் ஒரு கோடையைப் பார்க்கவில்லை, மே தாண்டட்டும்.