மலேசியச் சொத்துக்குப் பவர் கேட்டு வருகிறவரிடம் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

சென்ற வெள்ளிக்கிழமை வீரவநல்லூரில் ஒரு வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தேன். அந்த அம்மாளின் கணவர் ஜொகூரில் இறந்து நாற்பது நாள் ஆகிறது. பட்டாசாலையில் நாற்காலிமேல் நாடாவால் கட்டிய பழுப்பு நிறக் கோப்பு ஒன்று இருந்தது. மேலே பச்சை மையில் ‘மலேசியா சொத்து’ என்று எழுதியிருந்தது. அந்த எழுத்தை இரண்டு வருடம் எங்கள் வீட்டில் பார்த்தவள் நான். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் திரும்பினேன். ஆனால் அந்தக் கோப்பு இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கிறதோ! அதற்காகத்தான் எழுதுகிறேன். மலேசியச் சொத்தை வாங்கித் தருவதாகச் சொல்லி அந்தக் கோப்போடு வருகிற ஒரு மனிதர் இருக்கிறார். எங்கள் புகார் விசாரணையில் இருப்பதால் அவரின் பெயரைச் சொல்லவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் அப்பா 1966-இல் பதினாறு வயதில் களக்காட்டிலிருந்து மலேசியாவின் கிள்ளானுக்குப் போனார். தாத்தாவின் மளிகைக் கடையில் நின்றார். பிறகு தானே கடை வைத்தார். கடைசிவரை இந்தியக் குடிமகன்தான். நிரந்தரவாசிகளுக்கு அங்கே கொடுக்கும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தார். எண்பதுகளில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வரிசை வீடு வாங்கினார். அம்மா, நான், இரண்டு தம்பிகள், அப்பாவைப் பெற்ற ஆச்சி, எல்லோரும் பாளையங்கோட்டையில் இருந்தோம். 2017-இல் அப்பா அங்கேயே இறந்தார். உயில் எழுதவில்லை. சேமநிதிப் படிவத்தில் மட்டும் அம்மாவின் பெயரை எழுதி வைத்திருந்தார். அந்தப் பணம் பெரிய அலைச்சல் இல்லாமல் அம்மா கைக்கு வந்தது. வீட்டுக்கு அப்படி ஒரு தாள் இல்லை.

2020-இல் ஆச்சியும் போனார்கள். மறுவருடம் அந்த மனிதர் வந்தார். நம் பக்கத்துக்காரர்தான், சில வருடம் மலேசியாவில் இருந்தவர், ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் அலுவலகம். அப்பாவை ‘அண்ணாச்சி’ என்றார், அம்மாவை ‘மதினி’ என்றார். அப்பாவின் கடை இருந்த தெருவை அடையாளத்தோடு சொன்னார். அம்மாவுக்கு அது போதுமாக இருந்தது.

முதலில் பயத்தைத்தான் விதைத்தார். “மதினி, நிலத் தீர்வை பாக்கி விழுந்துவிட்டது. இன்னும் ஆறு மாதம் போனால் அரசாங்கம் வீட்டை எடுத்துக்கொள்ளும்” என்றார். தீர்வை கட்டாவிட்டால் நிலம் பறிபோகும் என்பது அந்த நாட்டுச் சட்டத்தில் உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அதற்கு முன் முறைப்படி அறிவிப்பு கொடுத்து, கட்டுவதற்கு மூன்று மாத அவகாசம் தரவேண்டும். எங்கள் வீட்டில் குடியிருந்தவர் தீர்வையை வாடகையில் கழித்துக்கொண்டு ஒழுங்காகக் கட்டியே வந்திருக்கிறார். அவருக்கு ஒரு போன் செய்து கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும். நாங்கள் கேட்கவில்லை.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். அப்பா இறந்தபோது தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய சான்றிதழில் ஐந்து பெயர்கள் இருந்தன: அம்மா, நாங்கள் மூவர், ஆச்சி. அதைப் பார்த்துவிட்டு, “ஆச்சிதான் இப்போது இல்லையே, நான்கு பேர் போதும்” என்றார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அப்பாவுக்கு வாரிசுகள் நாங்கள் நால்வர் மட்டுமே என்று அம்மா சத்தியம் செய்வதாக ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்தார். “களக்காட்டுத் தங்கச்சி காதுக்குப் போகவேண்டாம், வீணாகப் பங்கு கேட்டு வழக்கு நீளும்” என்றும் சொன்னார். அவர் சொன்னது எங்கள் அத்தையை, அப்பாவின் ஒரே தங்கையை.

எனக்குத் தனியாக ஒரு பொய் வைத்திருந்தார். மலேசியச் சட்டத்தில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பங்கு கிடையாது, தம்பிகளுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் வேலை சீக்கிரம் முடியும் என்றார். நானும் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தேன். தம்பிகள் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அவர்களும் அதை நம்பினார்கள்.

பிறகு பவர், அதாவது அம்மாவின் சார்பில் செயல்பட அவருக்கு அதிகாரம் கொடுக்கும் பத்திரம். பதினொரு பக்கம், முழுக்க ஆங்கிலம். பாளையங்கோட்டையில் ஒரு நோட்டரி முன் அம்மா பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போட்டார்கள். ‘வழக்கமான வாசகங்கள்தான்’ என்று சொல்லிக்கொண்டே அந்த மனிதர் தாள்களைப் புரட்டினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறவள் நான். ஏழாம் பக்கத்தைப் படிக்காமல் நின்றதை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ‘தொகை பெற்றுக்கொண்டதால் இந்த அதிகாரத்தைத் திரும்பப் பெற இயலாது’ என்று அங்கே இருந்தது. அம்மா அவரிடம் ஒரு காசும் வாங்கவில்லை, கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

முன்பணம் 40,000 ரூபாய். மரண வரி என்று 1,85,000. வெளிநாட்டுச் சொத்தை வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கியின் அனுமதி என்று 75,000. ஆகமொத்தம் மூன்று லட்சம். மரண வரிக்காக அம்மாவின் வளையல்கள் கூட்டுறவு வங்கியில் அடகுக்குப் போயின.

அப்படி ஒரு வரியே கிடையாது. மலேசியாவில் அதை 1991-இலேயே நீக்கிவிட்டார்கள்; இந்தியாவில் 1985-இலேயே போய்விட்டது. ரிசர்வ் வங்கி அனுமதியும் கட்டுக்கதை. வெளிநாட்டில் வசித்தவரிடமிருந்து வாரிசாக வந்த சொத்தை இந்தியாவில் வசிப்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 6(4) பிரிவே சொல்கிறது. அதற்குத் தனி அனுமதியும் இல்லை, கட்டணமும் இல்லை. அந்தப் பெயரில் யார் பணம் கேட்டாலும் அந்த நிமிடமே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

2023-இல் குடியிருப்பவர் போன் செய்தார். லாரி ஓட்டுகிறவர், தமிழர். “அம்மா, இரண்டு பேர் வந்து வீட்டை அளந்து பார்த்தார்கள். முன்பணம் கொடுத்துவிட்டோம் என்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே” என்றார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

சின்னத் தம்பி அன்று இரவே மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பட்டியலில் தேடி, கிள்ளானில் தொழில் செய்யும் ஒரு தமிழ் வழக்கறிஞரைப் பிடித்தான். அவர் முதலில் செய்தது நில அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்த்ததுதான். சிறு கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் அங்கே பார்க்கலாம். கேரான் என்று அவர்கள் சொல்லும் உரிமைப் பத்திரம் அப்பா பெயரிலேயே இருந்தது. பவர் பத்திரம் அங்கே உயர் நீதிமன்றத்தில் இன்னும் பதிவாகவில்லை. வெளிநாட்டில் எழுதிய பவர் அங்கே பதிவானால்தான் செல்லும். பதிவாகியிருந்தால், இறந்தவரின் சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் கொடுக்கும் நிர்வாக ஆணையை வாரிசுகள் சார்பில் அந்த மனிதரே கேட்டு மனுச் செய்திருக்கலாம். நிர்வாகி வீட்டை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் எங்கோ இருக்கும் ஒரு விதவையின் பெயரால் அனுமதி கேட்கிறவரை அங்கே யார் மறிக்கப்போகிறார்கள்? திரும்பப் பெற முடியாது என்ற அந்த ஒரு வரி நிலைத்துவிட்டால், அதை உடைக்கத் தனி வழக்குப் போடவேண்டியிருந்திருக்கும். அம்மா உடனே ரத்துப் பத்திரம் எழுதி அனுப்பினார்கள். அது முதலில் போய்ச் சேர்ந்தது.

அடுத்து வழக்கறிஞர் விளக்கியதைக் கேட்டபோதுதான் எங்களுக்கு வெட்கம் வந்தது. நிலமும் வீடும் எந்த நாட்டில் இருக்கின்றனவோ அந்த நாட்டுச் சட்டப்படிதான் பங்கு. இறந்தவர் எந்த நாட்டுக்காரர் என்பது வீட்டைப் பொறுத்தவரை கணக்கில் இல்லை. நம் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, ஆச்சி, நாங்கள் மூவர் என்று ஆளுக்கு ஐந்தில் ஒன்று. தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு 1958-ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம். அதில் மனைவிக்குக் கால் பங்கு, இறந்தவரின் பெற்றோருக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லாவிட்டால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. ஆண், பெண் வித்தியாசம் இல்லை. என் விடுதலைப் பத்திரத்துக்கு அங்கே மதிப்பே இல்லை.

வாரிசு யார் என்பதை இறந்த நாளை வைத்துத்தான் பார்க்கவேண்டும். அப்பா இறந்த அன்று ஆச்சி உயிரோடு இருந்தார்கள். ஆகவே கால் வீடு அன்றே ஆச்சிக்குச் சேர்ந்துவிட்டது. ஆச்சி போனபின் அது அவர்களின் பிள்ளைகளுக்கு: பாதி அத்தைக்கு, பாதி அப்பாவுக்குப் பதிலாக எங்களுக்கு. அதாவது வீட்டில் எட்டில் ஒரு பங்கு அத்தையுடையது. அதை மறைத்து அம்மா செய்த சத்தியம் பொய்ச் சத்தியம். நல்லவேளையாக அந்தத் தாள் எங்கேயும் தாக்கலாகவில்லை. தாக்கலாகியிருந்தால் குற்றவாளிக் கூண்டில் நிற்கவேண்டியது அம்மாதான். எழுதிக் கொடுத்தவரின் பெயர் அதில் ஓர் இடத்தில்கூட இல்லை.

களக்காட்டுக்குப் போய் அத்தையிடம் சொன்னோம். இரண்டு வருடமாக அவர் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் போய்ச் சாப்பிட்டுவிட்டு இதை வாய்திறக்காமல் வந்திருக்கிறோம். அத்தை பங்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நான் கேட்டால் கொடுக்காதவர்களா நீங்கள்? ஏன் என்னிடம் மறைத்தீர்கள்?” என்று மட்டும் கேட்டார்கள். மூன்று லட்சம் போனதைவிட எனக்கு அது வலித்தது. சொத்துத் தரகர் ஒருவர் உங்களிடம், ‘இன்னாருக்குத் தெரியவேண்டாம்’ என்று சொன்னால், யாரிடம் மறைக்கச் சொல்கிறாரோ அவரிடமே முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள்.

உண்மையான வழி அந்த மனிதர் காட்டியதைவிட எளிதாக இருந்தது. சொத்து மதிப்பு அப்போதைய வரம்பான 20 லட்சம் ரிங்கிட்டுக்குள் இருந்ததால், உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டிய தேவையே இல்லை. சிறு சொத்துகளுக்கான பகிர்வுப் பிரிவு என்று நில நிர்வாகத்திலேயே தனியாக இருக்கிறது. அங்கே மனுக் கொடுத்தால், வாரிசுகளை விசாரணைக்குக் கூப்பிடுகிறார்கள். வர முடியாதவர்கள் சம்மதப் படிவம் அனுப்பலாம். 2024-இல் அந்த வரம்பை 50 லட்சமாக உயர்த்தியிருக்கிறார்கள். நம் பக்கத்தவர்கள் அங்கே வாங்கிய வீடுகளில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கிவிடும். ஐந்து பெயர் இருந்த பழைய சான்றிதழையே வைத்தோம். தம்பி திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் ஏறி விசாரணைக்குப் போய்வந்தான். நம் ஊர் வாரிசுச் சான்றிதழ் நாம் யார் என்பதற்குச் சான்று மட்டுமே. அதைக் காட்டி அங்கே பத்திரத்தில் பெயர் மாற்ற முடியாது.

மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு நான் சொன்ன கணக்குப் பொருந்தாது. அவர்களுக்கு அங்கே ஃபராயிள் என்ற இஸ்லாமிய வாரிசுரிமை முறையில் ஷரியா நீதிமன்றம் பங்கைச் சொல்லும். சிங்கப்பூரும் வேறு. அங்கே முஸ்லிம் அல்லாதவர்களுக்குப் பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. பிள்ளைகள் இருந்தால் பெற்றோருக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாட்டில் நடந்ததை வைத்து இன்னொரு நாட்டுக்குக் கணக்குப் போடுகிறவரை நம்பாதீர்கள்.

பவர் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், குறிப்பிட்ட ஒரு வேலைக்கு மட்டும் கொடுங்கள். வீட்டுப் பிள்ளைக்கோ, பட்டியலில் பெயர் உள்ள அந்நாட்டு வழக்கறிஞருக்கோ கொடுங்கள். விற்கும் அதிகாரமும் பணம் வாங்கும் அதிகாரமும் அதில் இருக்கக்கூடாது. தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்து வேண்டாம். படித்துச் சொல்ல ஆள் இல்லையென்றால் திருநெல்வேலி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் அங்கே இலவசச் சட்ட உதவி கிடைக்கும். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். இது எனக்கு அன்று தெரிந்திருந்தால் அந்தப் பதினொரு பக்கத்தையும் எடுத்துக்கொண்டு அங்கேதான் போயிருப்பேன்.

அங்கே வீடு வைத்திருக்கும் அப்பாக்கள் உயிரோடு இருக்கும்போதே பேசிவிடுங்கள். சாவைப் பற்றிப் பேசுவதாக நினைத்து எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அந்த நாட்டில் உயில் எழுத ஒரு தாளும் இரண்டு சாட்சிகளும் போதும். சாட்சிகள் மட்டும் சொத்துப் பெறுகிறவர்களாக இருக்கக்கூடாது.

மாவட்டக் குற்றப்பிரிவில் கொடுத்த புகார் இன்னும் விசாரணையில்தான் இருக்கிறது. 1,85,000 ரூபாயை அவருடைய மருமகன் கணக்குக்கு வங்கி வழியாக அனுப்பியிருந்ததால் அதற்கு மட்டும் ஆதாரம் இருக்கிறது. கையில் கொடுத்ததற்குத் துண்டுச் சீட்டுகூட இல்லை. இதுவரை ஒரு ரூபாயும் திரும்பவில்லை. அம்மாவின் வளையல்களை நான் மீட்டுவிட்டேன்.

வீரவநல்லூர் அம்மாள் நேற்று போன் செய்தார். கோப்பை அந்த மனிதரின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாராம். முன்பணமாகக் கொடுத்த இருபதாயிரத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, அடுத்த வாரம் தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். சனிக்கிழமை அந்த அம்மாளைக் குற்றப்பிரிவு அலுவலகத்துக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன். இதே பச்சை மைக் கோப்பு உங்கள் வீட்டிலோ உங்கள் உறவினர் வீட்டிலோ இருந்தால் நீங்களும் எங்களோடு வாருங்கள்.