சிங்கப்பூர் எஃப்1 இருக்கைகள்: 11 அணிகள் வரும் ஆண்டில் எந்த மாடம்?

2026 அக்டோபர் 9 முதல் 11 வரை மெரினா பேயில் நடக்கவிருக்கும் ஃபார்முலா 1 இரவுப் பந்தயத்துக்கு டிக்கெட் எடுக்கிறவர்கள் முதலில் ஒன்றை முடிவு செய்ய வேண்டும். கார் காரை முந்துவதைப் பார்க்கவா, அணிகளைப் பார்க்கவா? இரண்டுக்கும் ஒரே மாடம் பொருந்தாது.

2016க்குப் பிறகு முதல்முறையாக 11 அணிகள், 22 கார்கள். ஜெனரல் மோட்டார்ஸின் கேடிலாக் முற்றிலும் புதிது. பெரெஸும் பொட்டாஸும் ஓட்டுகிறார்கள். சாபர் அணி அவுடியாக மாறிவிட்டது. இவர்களைப் பார்க்கத்தான் காசு என்றால், கார்கள் டயர் மாற்ற நிற்கும் பிட் பகுதிக்கு எதிரே உள்ள பிட் கிராண்ட்ஸ்டாண்டின் மேல் வரிசைகளை எடுங்கள். இருக்கையில்லாமல் நின்று பார்க்கும் ஸோன் 4 நடை டிக்கெட்டைவிட விலை பல மடங்கு. ஆனாலும் இந்த ஆண்டு அந்த விலை தகும்.

காரணம் எளிது. ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர் சுற்றில் ஒரு விநாடி பின்தங்கும் கார், ஓடும்போது கண்ணுக்கு வித்தியாசமாகவே தெரியாது. புது அணியின் பலவீனம் பிட் லேனில்தான் வெளிப்படும். தேர்ந்த குழு 2 முதல் 2.5 விநாடிக்குள் நான்கு சக்கரங்களையும் மாற்றிவிடும். மூன்றைத் தாண்டினால் எங்கோ ஒரு சக்கரத்தில் சிக்கல் என்று பொருள். 2024 தொடக்கத்தில் சாபர் அணிக்கு இதுதான் தலைவலியாக இருந்தது: நட் மரையில் நேராக ஏறாமல் கோணலாகப் பிடித்துக்கொண்டு, நல்ல இடத்தில் ஓடிய கார்கள் பிட்டிலேயே பந்தயத்தை இழந்தன. பார்க்கும்போது காரைவிட, சக்கர நட்டைத் திருகும் துப்பாக்கி வடிவக் கருவியைப் பிடித்திருப்பவரின் கையைக் கவனியுங்கள். ஒரே சக்கரத்தில் துப்பாக்கி இரண்டாம் முறை இறங்கினால் நேரம் போய்விட்டது என்று அங்கேயே தெரிந்துவிடும், திரையில் எண் வரக் காத்திருக்க வேண்டாம்.

கீழ் வரிசைகள் மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள். முன்னால் கம்பி வேலி, அதற்கப்பால் பிட் சுவரில் பொறியாளர்கள் உட்காரும் மேடைகள். இரண்டும் சேர்ந்து கராஜ் வாசலை மறைத்துவிடும். சக்கரம் மாற்றும் ஆட்களின் தலைக்கவசம் மட்டும்தான் தெரியும். பிளாக் தேர்வும் முக்கியம். கராஜ்கள் முந்தைய ஆண்டின் அணித் தரவரிசைப்படி அமையும். 2025 பட்டத்தை சிங்கப்பூரிலேயே உறுதிசெய்த மெக்லாரன் ஒரு முனையில் என்றால், புதிதாக வரும் கேடிலாக் மறுமுனையில். நடுவில் உட்கார்ந்தால் இரண்டும் அரைகுறையாகத் தெரியும்.

பந்தயம் தொடங்குமுன் கார்கள் வரிசையில் நிற்கும் நேரமும் இந்த இருக்கைக்கே உரியது. இந்த ஊர் ஈரப்பதத்தில் நின்ற கார் வேகமாகச் சூடேறும். உலர்பனி நிரப்பிய விசிறிகளைப் பக்கவாட்டு வாயில்களில் பொருத்திக் குளிர வைப்பார்கள். எந்த அணி பதற்றமில்லாமல் இதைச் செய்கிறது என்று பாருங்கள். பிறகு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். எம்ஜியு-எச் என்ற பகுதி இவ்வாண்டு எஞ்சினிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. புகைபோக்கியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுத்ததோடு, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ சுற்றிக்கொண்டே இருக்கவும் உதவியது அதுதான். இப்போது நிற்கும் காரில் டர்போவுக்கு வேகம் ஏற்ற, எஞ்சினை வெகுநேரம் முறுக்க வேண்டியிருக்கிறது. போதாமல் கிளட்சை விட்டால் கார் இழுக்காமல் திணறும். ஐந்து எஞ்சின் தயாரிப்பாளர்களின் வேறுபாட்டைக் காதால் கேட்கச் சரியான இடம் இது: மெர்சிடிஸ் நான்கு அணிகளுக்கு, ஃபெராரி மூன்று அணிகளுக்கு, ரெட் புல்-ஃபோர்ட் இரண்டுக்கு, ஹோண்டாவும் அவுடியும் ஒவ்வோர் அணிக்கு. கேடிலாக்கின் எஞ்சின் இப்போதைக்கு ஃபெராரியுடையது. சொந்த எஞ்சின் 2029இல் வர வேண்டும்.

பட்டியலில் இல்லாத பெயர் ரெனோ. 2008இல் இங்கே நடந்த முதல் இரவுப் பந்தயத்தில் அலோன்சோ வென்றது ரெனோ காரில். (அந்த வெற்றிக்குப் பின்னால் திட்டமிட்ட விபத்து ஒன்று இருந்தது மறுஆண்டு வெளிவந்தது வேறு விஷயம்.) அதே நிறுவனம் 2025உடன் எஃப்1 எஞ்சின் தயாரிப்பை நிறுத்திக்கொண்டது. அதன் ஆல்பின் அணி இப்போது மெர்சிடிஸ் எஞ்சினில் ஓடுகிறது. காரின் வண்ணத்தைப் பார்த்து இந்த விலகலை யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நல்ல முடிவு கிடைத்தால் நிறுவனம் தங்கிவிடும் என்று எண்ணுகிறவர்கள் 2009ஐ நினைத்துப் பார்க்கலாம். செப்டம்பர் 27 அன்று இங்கே டொயோட்டாவில் ஓட்டுநர் கிளாக் இரண்டாம் இடம். நவம்பர் 4 அன்று டொயோட்டா விலகியது. பிஎம்டபிள்யூ விலகலை அதற்கு முன்பே, ஜூலையில் அறிவித்திருந்தது. ஹோண்டா 2008 டிசம்பரிலேயே போய்விட்டது. அது விட்டுச்சென்ற அணிதான் பிரான் என்ற பெயரில் அடுத்த ஆண்டு பட்டம் வென்றது. விலகல் என்பது சாலைக் கார் விற்பனையைப் பார்த்து நிர்வாகக் குழு எடுக்கும் முடிவு, பந்தய முடிவுகளுக்கு அதில் பங்கு குறைவு. டொயோட்டா இப்போது ஹாஸ் அணியின் பெயரில் விளம்பரதாரராக வந்திருக்கிறது. சொந்தத் தொழிற்சாலை தேவைப்படாத, விலகவும் எளிதான வழி அது. நொய்பூர்க்கில் எஞ்சின் கூடமும் ஹின்வில்லில் அணியும் வைத்திருக்கும் அவுடியின் நிலை வேறு. அத்தனை முதலீட்டை ஓர் இரவில் மூட்டை கட்ட முடியாது.

புது அணிகளுக்கு மெரினா பே ஒருபோதும் இரக்கம் காட்டியதில்லை. 2010இல் புதிதாக வந்த லோட்டஸ் காரில் தீப்பற்ற, கோவலைனென் பிட் நேர்ப்பாதையிலேயே நிறுத்தி, தானே தீயணைப்பானை வாங்கி அணைத்தார். 2012இல் நம் நரேன் கார்த்திகேயன் ஓட்டிய, 2010இல் வந்த இன்னொரு புது அணியான எச்ஆர்டியின் கார் டர்ன் 18 சுவரில் மோதியது. அந்த ஆண்டோடு அணியும் மூடப்பட்டது. 2023இல் பாதை மாற்றியபோது அந்த வளைவும் போனது. 2010இல் புதிதாக நுழைந்த மூன்று அணிகளில் ஒன்றுகூட 2017 பந்தயங்களைப் பார்க்கவில்லை. கேடிலாக்கின் தலைவர் கிரேம் லௌடன் அந்த மூன்றில் ஒன்றான மனோரை நடத்தியவர் என்பதால், பணம் தீர்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்லித்தர வேண்டிய ஆள் அல்ல.

மற்ற மாடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முந்துவதும் உரசுவதும் வேண்டுமென்றால் முதல் வளைவு மாடம்: தொடக்கத்தில் 22 கார்கள் ஒரே இடத்தில் குவியும், கராஜ்கள் தெரியாது. பாடாங் மாடம் இசை நிகழ்ச்சிக்கு வருபவர்களுக்கு நல்லது, பந்தயத்துக்கு அல்ல. கார்கள் வந்த வேகத்தில் மறைந்துவிடும். ஸோன் 4 நடை டிக்கெட்டில் வேலியோரம் நல்ல இடம் பிடிக்க, ஓட்டம் தொடங்கச் சில மணி நேரம் முன்பே நிற்க வேண்டும். சிறு பிள்ளைகளோடு வருவோர் தவிர்க்கவும்.

இவ்வாண்டு முதல்முறையாக இங்கே ஸ்பிரிண்ட் என்ற குறும்பந்தயமும் உண்டு. அதனால் பயிற்சி வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் மட்டுமே, வழக்கமாக மூன்று. சுவர்களுக்கு நடுவே ஓடும் பாதையில் ஸ்பிரிண்ட்டுக்கான பிரேக் குளிர்விப்பு வாய்களின் அளவையும் காரின் உயரத்தையும் அந்த ஒரு மணி நேரத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். பழைய தரவு இல்லாத கேடிலாக்குக்கு இது பெரிய அடி. மூன்று நாள் டிக்கெட்டுக்குக் கையிருப்பு போதாதவர்கள் சனிக்கிழமையை எடுக்கத் தோன்றும், ஏனென்றால் ஸ்பிரிண்ட்டும் தகுதிச் சுற்றும் அன்றுதான். ஆனால் 100 கிலோமீட்டர் ஸ்பிரிண்ட்டில் டயர் மாற்றும் கட்டாயம் இல்லை. பிட் இருக்கை வாங்கிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க நேரும். பிட்டைப் பார்க்க ஞாயிறுதான் சரி.

பெரும்பாலான மாடங்களுக்குக் கூரை கிடையாது. குடை பின்னிருப்பவரை மறைக்கும், எனவே மழையங்கி. எட்டு மடங்கு தொலைநோக்கியும் காதடைப்பானும் அவசியம். தேக்காவிலிருந்து வருவோர் லிட்டில் இந்தியா நிலையத்தில் டவுன்டவுன் பாதையில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் புரோமனாட். பிட் கட்டடம் அங்கிருந்து நடக்கும் தூரம். திரும்பும்போது அந்த நிலையத்தில் நெரிசல் அதிகம், நிக்கல் ஹைவே வரை நடந்துவிடுவது மேல். பணம் கட்டுமுன் இருக்கை வரைபடத்தில் வரிசை எண்ணைப் பாருங்கள். மேல் வரிசை தீர்ந்துவிட்டதென்றால் கீழ் வரிசைக்குப் பணம் கொடுக்காமல் முதல் வளைவுக்கு மாறிவிடுங்கள்.