மெமோவுக்குப் பயந்தவர்களுக்கு ஒரு பயிற்சி

மருத்துவமனைகளுக்குத் தரச் சான்று கொடுக்கும் என்ஏபிஹெச் ஆய்வு வருகிறது என்றால் எங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் இரண்டு வேலைகள் நிச்சயம் நடக்கும். சுவருக்கு வெள்ளையடிப்பார்கள்; ஊழியர்களுக்குப் பயிற்சி என்று வெளியிலிருந்து ஆள் கூட்டி வருவார்கள். ஆய்வு முடிந்த கொஞ்ச நாளில் இரண்டுமே உரிய ஆரம்பித்துவிடும். அதனால் மருந்துப் பாதுகாப்புப் பிரச்சினைகளைப் புகாரளிப்பது பற்றிய பயிற்சி என்று மாடியில் பேனர் கட்டியபோது எனக்குப் பெரிய எதிர்பார்ப்பு எதுவும் இல்லை. கும்பகோணத்தில் நடுத்தர அளவு மருத்துவமனை ஒன்றின் பார்மசியைப் பார்த்துக்கொள்கிறவன் நான். பயிற்சி கொடுத்தது வெளியூரிலிருந்து வந்த ஒரு சிறிய குழு. குறைகளையும் சொல்லப் போவதால் பெயர்களை விட்டுவிடுகிறேன். உங்கள் மருத்துவமனையில் இப்படி ஒரு வகுப்புக்குப் பேச்சு நடந்தால், எதற்குக் காசு கொடுக்கலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள இது உதவும்.

பயிற்சியாளர் ஓர் அம்மா. ஐசியுவில் நர்ஸாக இருந்தவர், திருநெல்வேலிப் பேச்சு. புரொஜெக்டர் மக்கர் செய்ததால் ஸ்லைடுக்குக் காத்திராமல் நேராகக் கேட்டார்: "இங்க மெமோ வாங்கினவங்க யாரு?" யாரும் கை தூக்கவில்லை. அவரே தன் கையைத் தூக்கினார். பிறகு வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் தூக்கினார், அப்புறம் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போயிற்று. எதற்கு வாங்கினீர்கள் என்று கேட்டால் பாதிப் பேரிடம் ஒரே பதில்: நடந்ததைத் தாங்களே போய்ச் சொன்னதற்கு. சொல்லாமல் இருந்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை. இதை எங்கள் வாயாலேயே வரவழைத்துவிட்டு, "அப்போ நீங்க ரிப்போர்ட் பண்ணாததுல என்ன ஆச்சரியம்?" என்றார். அதற்குப் பிறகு கூடத்தில் யாரும் போனைப் பார்க்கவில்லை.

கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுக்கப்பட்ட தாலிடோமைடு மருந்தின் கதை வந்தது. 1961இல் மெக்பிரைடு என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் எழுதிய ஒரு கடிதம், கை கால் வளராமல் பிறந்த குழந்தைகள், அதிலிருந்து உலக அளவில் உருவான கண்காணிப்பு ஏற்பாடு. பி.பார்ம் படித்தவர்களுக்குப் பழைய பாடம்தான். அவரும் அதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டார். நர்ஸ்களை நிமிர வைத்தது அடுத்ததாகச் சொன்னது. மாதவிடாய் வலிக்குப் பெட்டிக்கடைப் பொருள் போல எல்லாரும் வாங்கிப் போடும் மெஃபனமிக் ஆசிட் மாத்திரை, ட்ரெஸ் எனப்படும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பர் இறுதியில் எச்சரித்தது. காய்ச்சல், உடம்பெல்லாம் தடிப்பு, நெறி கட்டுவது, சில சமயம் ஈரல் பாதிப்பு. மருந்து ஆரம்பித்து இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள்கூட வரலாம் என்பதால் மாத்திரையை யாரும் சந்தேகிப்பதில்லை. அந்த எச்சரிக்கை எங்கிருந்து வந்தது? நாடு முழுக்க இருந்து போன ரிப்போர்ட்டுகளை அலசிப் பார்த்ததில் இருந்து. முன் வரிசையில் இருந்த பெண் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாதிப் பேர் கைப்பையில் அந்த அட்டை இருந்திருக்கும்.

ஆனால் இந்த வகுப்புக்குக் கொடுத்த பணம் தகும் என்று எனக்குத் தோன்றியது பாம்புக்கடி பற்றிப் பேச்சு வந்தபோதுதான். சம்பா சமயத்தில் வயலில் ஆள் இறங்கினால் எங்கள் கேஷுவாலிட்டிக்கு அந்தக் கேஸ்கள் வரும். திருப்பனந்தாள் பக்கம், பாபநாசம் பக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ தூக்கி வருவார்கள். நம் நாட்டில் போடும் விஷமுறிவு மருந்து (ஏஎஸ்வி), குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் பொதுவானது. அது ஏறும்போது நடுக்கம் வரும், தடிப்பு வரும், சிலருக்குப் பிரஷர் இறங்கி மூச்சுத் திணறும். அதற்காக அட்ரினலினைப் பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார்கள். எங்கள் சிஸ்டர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். அவர்களிடம் போய், "இத என்னிக்காவது எழுதி அனுப்பியிருக்கீங்களா?" என்று கேட்டார் அந்த அம்மா. கேஷுவாலிட்டி சிஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏஎஸ்வி போட்டா நடுங்கத்தான் செய்யும் மேடம், இதப் போய் எழுதவா?"

எழுதத்தான் வேண்டும் என்று அவர் விளக்கிய விதம் அருமை. எல்லாருக்கும் தெரிந்த ரியாக்‌ஷனாக இருந்தாலும், குறிப்பிட்ட ஒரு பேட்சில் அது வழக்கத்தை விட அதிகமாக வருகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கே ஒருவருக்கு, மன்னார்குடியில் ஒருவருக்கு, சீர்காழியில் ஒருவருக்கு என்று நடந்தால் அவரவர் ஊரில் அது "வழக்கம்தான்". மூன்றும் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பேட்ச் நம்பர் ஒன்றாக இருப்பது தெரியும். அந்த பேட்ச் நம்பரோ பெரும்பாலும் மருந்துக் குப்பியோடு குப்பைக்குப் போய்விடுகிறது. ஒரு நோயாளிக்குப் பத்துக் குப்பி உடைத்தால் அதில் இரண்டு பேட்ச் கலந்திருக்கவும் கூடும். பில்லில் ஒன்றுதான் ஏறியிருக்கும். இது பார்மசி பக்கத்து விஷயம், அதனால் எனக்கு உறைத்தது. இப்போது குப்பியின் லேபிளைக் கிழித்துக் கேஸ் ஷீட்டில் ஒட்டுகிறார்கள்.

இன்சுலின் பகுதியும் நன்றாக இருந்தது. நம் ஊரில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், பேனாவுக்கான கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். வெறும் வாயால் சொல்லாமல் சிரிஞ்சுகளையும் தண்ணீரையும் கொடுத்து எல்லாரையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். சர்க்கரை இல்லாத வீடே இல்லை என்றாகிவிட்ட நம் பக்கத்தில் இந்தப் பயிற்சியை நோயாளிகளின் வீட்டாருக்கும் கொடுக்கலாம்.

அடுத்து ஒரு தட்டு வைத்தார். வார்டில் இருக்கும் எமர்ஜென்சி தட்டு மாதிரியே அடுக்கியது. இதில் இன்னும் நடக்காத தவறுகளைக் கண்டுபிடியுங்கள் என்றார். 10 மில்லி பொட்டாசியம் குளோரைடு ஆம்ப்யூலும் 10 மில்லி டிஸ்டில்டு வாட்டரும் ஒரே அறையில். நீர்க்காமல் அப்படியே நரம்பில் போனால் இதயம் நின்றுவிடக்கூடிய மருந்து முன்னது. அட்ரினலினும் அட்ரோபினும் பக்கத்தில் பக்கத்தில். பூச்சிமருந்து குடித்துவிட்டு வருபவருக்கு அவசரமாக அட்ரோபினை உடைத்துக்கொண்டே இருக்கும் நேரத்தில் கை எதை எடுக்கும்? ஒரு சீட்டில் 10 என்று எழுதி, யூனிட் என்பதற்கு ஆங்கில யூ எழுத்தை ஒட்டிப் போட்டிருந்தார்கள். ஒரு மாணவி அதை நூறு என்றே படித்தாள். மருந்துத் தவறுகளை ஏ முதல் ஐ வரை வகைப்படுத்தும் ஒரு சர்வதேச அட்டவணை இருக்கிறது. ஏ என்றால் தவறு நடக்க வாய்ப்புள்ள சூழ்நிலை, பி என்றால் தவறு நடந்தும் நோயாளியை எட்டவில்லை, கடைசி ஐ என்றால் மரணம். நாங்கள் எல்லாரும் ஐ வந்தால்தான் எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஏயையும் பியையும் எழுதினால் யாருக்கும் மெமோ கொடுக்க முகாந்திரமே இல்லையே என்றார். கெட்டிக்காரத்தனமான வாதம்.

சீஸ் ஸ்லைடு மட்டும் எடுபடவில்லை. ஜேம்ஸ் ரீசன் என்ற ஆங்கிலேய உளவியலாளர் முன்வைத்த ஓட்டைச் சீஸ் மாதிரி. பல அடுக்குத் தடுப்புகளின் ஓட்டைகள் நேர்கோட்டில் வந்தால் விபத்து என்பது. எங்கள் ஊரில் ஓட்டை போட்ட சீஸை யார் பார்த்தார்கள்? பின்னால் இருந்த அட்டெண்டர் அண்ணன் ஒருவர்தான் காப்பாற்றினார்: "நாலு மதகும் ஒரே நேரத்துல தொறந்து கெடந்தா வயல் முழுகும், அதான மேடம்?" அந்த அம்மா அதைக் குறித்துக்கொண்டார். அடுத்த ஊரில் சீஸை எடுத்துவிட்டு மதகைப் போட்டால் நல்லது.

படிவம் நிரப்பும் பகுதி நான் பயந்த அளவுக்கு இல்லை. மருந்தே செய்த கெடுதலை அரசின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்ப வேண்டும். கை தவறியது மருத்துவமனைக்குள் இருக்கும் பாதுகாப்புக் குழுவுக்கு. இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னது பலருக்கு வெளிச்சம். 2010இல் தொடங்கிய அந்தத் திட்டம் மறு வருடத்திலிருந்து காசியாபாத்தில் இருக்கும் மருந்தியல் ஆணையத்தில் நடக்கிறது. நோயாளியின் பெயர் வேண்டாம், முதலெழுத்துகள் போதும். வயது, என்ன ரியாக்‌ஷன், எப்போது ஆரம்பித்தது, சந்தேகப்படும் மருந்து, அனுப்புகிறவர் யார் என்பவை இருந்தால் போதும். மருந்தால்தான் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை, சந்தேகம் இருந்தாலே அனுப்பலாம். அனுப்புகிறவரின் அடையாளம் ரகசியமாக வைக்கப்படும், அனுப்பியதாலேயே ஊழியரோ மருந்தோ காரணம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று படிவத்திலேயே அச்சாகியிருக்கிறது. அந்த வரியை ஒருவரை எழுப்பிச் சத்தமாகப் படிக்க வைத்தார். நோயாளிகளே நிரப்பும் படிவம் தமிழிலும் உண்டு; 1800 180 3024 என்ற இலவச எண்ணில் கூப்பிட்டும் சொல்லலாம்.

இனி குறைகள். இவ்வளவு சொன்ன குழு, உள்ளுக்குள் பயன்படுத்த என்று கொடுத்த மாதிரிப் படிவத்தின் மூன்றாவது கட்டத்தில் "சம்பந்தப்பட்ட ஊழியர் பெயர்" என்று போட்டிருந்தது. காலையிலிருந்து பேசியதை அந்த ஒரு கட்டம் அழித்துவிட்டது. கேட்டபோது, நிர்வாகங்கள் விரும்புவதால் வைத்திருக்கிறோம் என்றார்கள். பயிற்சிக்குப் பணம் கொடுப்பது நிர்வாகம்தான், புரிகிறது. ஆனாலும் சிஸ்டர்கள் அந்தக் கட்டத்தைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன்.

டாக்டர்கள் தொடக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டு டீ வருவதற்குள் ஓபிக்குக் கிளம்பிவிட்டார்கள். மெமோ கொடுக்கும் அதிகாரம் உள்ள மேலாளர் வரவே இல்லை. பயம் போக வேண்டியவர்கள் வகுப்பில் இருந்தார்கள், பயமுறுத்துகிறவர்கள் வெளியே இருந்தார்கள். இரவு டூட்டி முடித்து வந்தவர்கள் இரண்டாம் பாதியில் தூங்கி வழிந்தார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். செல்போன் செயலியில் அனுப்பும் செய்முறை, மாடியில் சிக்னல் இல்லாமல் பாதியில் நின்றது. கையேடு முழுக்க ஆங்கிலம். பேச்சுத் தமிழில் அவ்வளவு நன்றாக நடத்தியவர்கள் இதில் ஏன் சோம்பினார்கள் என்று தெரியவில்லை.

பயிற்சிக்குப் பிறகு ரிப்போர்ட்டுகள் மளமளவென்று வந்தன. முதல் வாரத்திலேயே நான் பொட்டாசியத்தைத் தனிப் பெட்டியில் பூட்டினேன், சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். பிறகு மெதுவாகக் குறைந்தது. காரணம் கேட்டால், "எழுதுறோம்ணே, என்ன ஆச்சுன்னு யாரும் சொல்றதில்லையே" என்றார்கள். நியாயம்தான். அதனால் எந்த ரிப்போர்ட்டால் எது மாறியது என்று பார்மசி ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதிப் போட ஆரம்பித்தேன். பொட்டாசியப் பெட்டி அதில் முதல் வரி. பலகை வந்த பிறகு மறுபடி கொஞ்சம் ஏறியிருக்கிறது. எழுதுகிறவர்களுக்குப் பதில் சொல்வது எப்படி என்று பயிற்சியில் அரை மணி நேரமாவது இருந்திருக்க வேண்டும். தொடர்ந்து வந்து பார்ப்போம் என்று சொல்லியிருந்தார்கள்; போனில் விசாரித்ததோடு சரி.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த அம்மா நடத்தினால் நாலு. கூப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே மூன்று விஷயங்களைப் பேசி முடித்துக்கொள்ளுங்கள். பெயர் கேட்கும் கட்டத்தைப் படிவத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். மெமோவில் கையெழுத்துப் போடுகிறவர் கடைசி வரை உட்கார வேண்டும் என்று நிர்வாகத்திடம் சம்மதம் வாங்குங்கள். இரவு ஷிஃப்ட்டுக்குத் தனி வகுப்பு கேளுங்கள். கூடுதல் கட்டணம் சொல்வார்கள், கொஞ்சம் பேசினால் குறைப்பார்கள்.