நெகட்டிவ் ஸ்கேனர்: இரண்டு குளிர்காலம் பயன்படுத்திப் பார்த்தபின்

வேலையிலிருந்து ஓய்வு பெற்று இது இரண்டாவது குளிர்காலம். சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடுகிறது, கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போகிற நாட்களும் குறைந்துவிட்டன. அதனால்தான் போன வருஷம் ஒரு ஸ்கேனர் வாங்கினேன். மூடியிலேயே விளக்கு இருக்கும், நெகட்டிவ், ஸ்லைடு இரண்டையும் ஸ்கேன் செய்யும், தட்டையான கண்ணாடித் தளம் உள்ள ஃப்ளாட்பெட் ரகம். கம்பெனி பெயர் வேண்டாம், இந்த ரகத்தில் எதை வாங்கினாலும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். வாங்கலாமா என்று கேட்டால், நேரம் இருக்கிறவர்கள் தாராளமாக வாங்கலாம். அவசரக்காரர்கள் வேண்டாம்.

முதலில் டிபிஐ, அதாவது ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போடுவது அதைத்தான். 6400 என்று போட்டிருந்தால் 6400-இல் ஸ்கேன் செய்ய வேண்டும் என்று அர்த்தமில்லை. ஒரு சாதாரண 35 மி.மீ. நெகட்டிவ் 24-க்கு 36 மில்லிமீட்டர். அதை 6400-இல் எடுத்தால் கிட்டத்தட்ட 55 மெகாபிக்சல் வரும், நிற விவரம் எதையும் குறைக்காத 48 பிட் டிஃப் ஃபைலாகச் சேமித்தால் ஒரே படம் 300 எம்பியைத் தாண்டும். ஆனால் இந்த ரக மெஷின்களின் லென்சுக்கு அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கும் திறன் கிடையாது, ஃபைல்தான் பெரிதாகும், படம் தெளிவாகாது. நான் 2400-இல் வைத்திருக்கிறேன். 7.7 மெகாபிக்சல் கிடைக்கிறது, ஆல்பம் சைஸுக்கும் டிவியில் போட்டுப் பார்ப்பதற்கும் அதுவே தாராளம். காகித பிரிண்டாக இருந்தால் 300 போதும், பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் 600.

அப்புறம் தூசி. இது குளிர்காலத்துக்கே உரிய தொல்லை. ஹீட்டர் ஓடுகிற அறையில் காற்று வறண்டுபோகிறது, வறண்ட காற்றில் பிலிமில் ஸ்டாடிக் ஏறி அறையில் இருக்கிற தூசியையெல்லாம் இழுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு நெகட்டிவ் பட்டையையும் ஓரத்தில் பிடித்து, ரப்பர் ப்ளோயரால் இரண்டு பக்கமும் ஊதி, அப்புறம்தான் ஹோல்டரில், அதாவது பிலிமைப் பிடித்துக்கொள்ளும் சட்டத்தில், வைக்கிறேன். வாயால் ஊதவே ஊதாதீர்கள், எச்சில் துளி பட்டால் கறை போகாது. கையில் பருத்தி உறை போட்டுக்கொள்வது நல்லது. மெஷினிலேயே இன்ஃப்ராரெட் ஒளியில் தூசியைக் கண்டுபிடித்து அழிக்கும் வசதி இருக்கிறது, கலர் நெகட்டிவில் அது அற்புதமாக வேலை செய்கிறது. நேரம் மட்டும் கூடும். என் மெஷினில் அதைப் போட்டால் ஒரு படத்துக்கு மூன்று நிமிடம், ஒரு தடவைக்கு ஆறு ஆறாக இரண்டு பட்டைகள், பன்னிரண்டு படம், ஆக அரைமணிக்கு மேல்.

இந்த அரைமணி நேரத்துக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ப்ரிவ்யூ போட்டவுடன் பன்னிரண்டு படமும் வரிசையாகத் திரையில் வந்துவிடும். ஆல்பத்தில் நான் படங்களைப் பிரித்து வைத்திருந்தேன், பயணம் ஒரு ஆல்பம், குழந்தைகள் ஒரு ஆல்பம், மற்றது எல்லாம் ஒரு கவருக்குள். நெகட்டிவில் அப்படிப் பிரிக்க முடியாது. அப்போதெல்லாம் முப்பத்தாறு படம் இருக்கிற ஒரு ரோல் எங்கள் வீட்டில் ஏழெட்டு மாதம் ஓடும். பிலிம் ஓரத்தில் அச்சடித்த எண்களைப் பார்த்துக்கொண்டே போகிறேன்: 11-இல் என் மகள் முதல் முறையாக எழுந்து நிற்கிறாள், 12-இல் தெருமுனையில் தேர்தல் கூட்டம், மேடையில் இருப்பவர் முகம் தெரியவில்லை, கொடிகள்தான் தெரிகின்றன, 13-உம் 14-உம் ரயில் ஜன்னல், 15-இல் மாமனார் ஆஸ்பத்திரிக்கு போவதற்கு முந்தின நாள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். இதெல்லாம் ஒரே ஆறு மாதத்துக்குள் நடந்தது என்பது எனக்கு நினைவே இல்லை. அந்தத் தேர்தலை நான் ஒரு காலமாகவும், மகள் நடந்ததை இன்னொரு காலமாகவும்தான் மனசில் வைத்திருந்தேன். எல்லாம் பக்கத்துப் பக்கத்தில், விரற்கடை தூரத்தில் இருக்கிறது.

வீட்டில் கேமரா என் கையில்தான் இருக்கும், அதனால் படங்களில் நான் இல்லை. பதினாலாவது படத்தில் மட்டும், கண்ணாடியில் கேமராவைப் பிடித்த என் கையும், கையில் கட்டியிருந்த அகலப் பட்டை வாட்சும் லேசாக விழுந்திருக்கின்றன. பிரிண்ட் போட்டபோது ஸ்டூடியோவில் அந்த ஓரத்தை வெட்டிவிட்டிருக்கிறார்கள். நெகட்டிவில் அது பத்திரமாக இருக்கிறது.

அப்பா எடுத்த கறுப்பு வெள்ளை ரோல்களுக்கு வந்தால் இந்த மெஷினின் பெரிய குறை தெரியும். அந்தத் தூசி நீக்கும் வசதி அங்கே உதவாது. கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது, வெள்ளி இன்ஃப்ராரெட்டை மறைத்துவிடுவதால் எது படம் எது தூசி என்று மெஷினுக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. தவறிப்போய் அதை ஆன் செய்துவிட்டால் முகமெல்லாம் கரைந்த மாதிரி வருகிறது. கோடாக் கம்பெனியின் பழைய கலர் பிலிமான கோடாக்குரோம் ஸ்லைடுகளிலும் ஓரளவு இதே பிரச்சினை உண்டு. ஆகவே ஒவ்வொரு புள்ளியையும் கையால்தான் அழிக்க வேண்டும்.

அப்படித்தான் போன மாதம், 1970களின் கடைசியில் அப்பா எடுத்த ஒரு பொதுக்கூட்டப் படத்தை நூறு சதவீதத்தில் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் புள்ளி அழித்துக்கொண்டு வந்தேன். இடது ஓரத்தில் மதில் மேல் ஏழெட்டுப் பையன்கள். அவர்களில் ஒருவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி மேடையையே பார்க்கிறான். என் அண்ணன். அப்பாவுக்குப் பிடித்த கட்சியின் கூட்டம் அது. அண்ணன் அந்தக் கட்சியைத் திட்டாத நாளே கிடையாது, அதற்காக இரண்டு பேரும் பேசாமல் இருந்த வாரங்கள் உண்டு. அப்பா அன்றைக்கு அவனைப் பார்க்கவே இல்லை என்று நினைக்கிறேன், பார்த்திருந்தால் படத்தின் நடுவில் வைத்திருப்பார்.

அண்ணனுக்குப் படத்தை அனுப்பிவிட்டு போன் செய்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. "அப்பா என்ன கேட்கிறார்னு தெரிஞ்சுக்கத்தாம்மா போனேன்" என்றான். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். அவனும் நானும் இன்றைக்கும் வேறு வேறு கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறோம், என் மகள் எங்கள் இரண்டு பேரையும் ஒத்துக்கொள்வதில்லை. ஆனால் எதிர்த்தரப்புக் கூட்டத்துக்கு நேரில் போய் மதில் மேல் ஏறி உட்கார்ந்து முழுசாகக் கேட்கிற வழக்கத்தை எங்கே விட்டோம் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. மகளிடமும் சொன்னேன். அவள் படத்தைத் தன் போனில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சரி, மற்ற குறைகள். பிளாஸ்டிக் ஹோல்டர் மெலிசு, சுருண்டுபோன நெகட்டிவ் அதில் நிற்காது. கனமான புத்தகங்களுக்கு நடுவில் ஒரு வாரம் வைத்துவிட்டு அப்புறம் ஸ்கேன் செய்யுங்கள். பிலிம் கண்ணாடியைத் தொட்டால் வானவில் நிறத்தில் வளையம் வளையமாக விழும், நியூட்டன் வளையம் என்பார்கள், ஆகவே ஹோல்டர் இல்லாமல் நேரடியாகக் கண்ணாடி மேல் போடாதீர்கள். மங்கலான பக்கம் எது, பளபளப்பான பக்கம் எது என்று பார்த்து வையுங்கள், மாற்றி வைத்தால் படம் இடவலம் மாறிவிடும். சிவந்துபோன பழைய கலர் பிரிண்ட்களை நிறம் மீட்கும் பட்டன் ஓரளவு சரிசெய்கிறது, முழுசாக இல்லை. மெஷினோடு வருகிற சாஃப்ட்வேர் சுமார்தான், படங்களைத் தானாகப் பிரிக்கும்போது இருட்டான படங்களை விட்டுவிடுகிறது. மேக்ரோ லென்ஸ் உள்ள டிஜிட்டல் கேமரா வைத்திருப்பவர்கள் அடியிலிருந்து சீராக வெளிச்சம் தரும் லைட் பேட் ஒன்றை வாங்கி நெகட்டிவைப் படமெடுத்துவிடலாம், இதைவிடப் பல மடங்கு வேகம், தெளிவும் கூடுதல். எனக்கு வேகம் வேண்டாம் என்பதால் அந்தப் பக்கம் போகவில்லை.

ஒரு வேண்டுகோள். ஸ்கேன் செய்த தேதியைத்தான் ஃபைல் காட்டும், எடுத்த தேதியை நீங்கள்தான் எழுத வேண்டும். யார், எங்கே, ஏறக்குறைய எந்த வருஷம் என்று கேப்ஷனில் அன்றன்றே எழுதிவிடுங்கள், தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள். மாமனாருக்குப் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேர் யாரென்று சொல்ல எங்கள் வீட்டில் இப்போது ஆளில்லை. மூன்று பிரதி வையுங்கள், அதில் ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். என்னுடையது அண்ணன் வீட்டில் இருக்கிறது.

இதுவரை தொண்ணூற்று இரண்டு ரோல் முடிந்தது. ஸ்லைடுகள் இருக்கிற ஒரு தகர டப்பாவை நேற்றுதான் திறந்தேன், வினிகர் வாடை அடித்தது. அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பழைய பிலிம் கெட ஆரம்பித்தால் அப்படித்தான் வாடை வரும், பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். டப்பாவைத் தனி அறைக்கு மாற்றிவிட்டேன். நாளைக் காலையில் வேறு எதையும் தொடாமல் அதைத்தான் ஸ்கேனரில் வைக்கப்போகிறேன்.