மாலுமியின் இழப்பீடு: ஆணையரிடம் மனுவா, கிளப்பிடம் கோரிக்கையா?

மும்பையின் சயானிலும் செம்பூரிலும் இருந்து கப்பல் வேலைக்குப் போய்வரும் நம்மவர்கள் விபத்துக்குப் பின் என்னிடம் காகிதக் கட்டோடு வரும்போது, பெரும்பாலும் இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையரிடம் மனு, கப்பல் உரிமையாளரின் காப்பீட்டுக் கிளப்பிடம் கோரிக்கை என்ற வழிகளில் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று நினைத்துக்கொண்டே வருகிறார்கள். கெடு தவறுவதற்கு இந்த நினைப்பே முதற்காரணம்.

சட்டப்படியான வழி 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் உருவானது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நிற்கிறது. மாலுமிக்கென்றே அமைந்த பழைய சட்டத்தின் 15ஆம் பிரிவு, கேப்டனையே முதலாளியாகக் கருதி அவரிடம் அறிவிப்புக் கொடுக்க இடமளித்தது. விபத்தும் இயலாமையும் கப்பலிலேயே நேர்ந்திருந்தால் அந்த அறிவிப்பும் தேவையில்லை என்றது. ஆனால் காயத்துக்கு இரண்டு ஆண்டு இருக்க, மரணத்துக்கு அதன் செய்தி கிடைத்ததிலிருந்து ஓராண்டுதான். கப்பலே ஆட்களோடு மூழ்கினால் பதினெட்டு மாதம். தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டலாம், ஏற்பது ஆணையரின் விருப்பம். வெளிநாட்டுக் கடலில் நடந்த விபத்துக்கு உரிமையாளரோ ஏஜெண்டோ தொழில் நடத்தும் ஊரில் மனு போடலாம் என்பதால், தூத்துக்குடிக் குடும்பத்தின் வழக்கும் மும்பைக்கு வந்து சேர்கிறது. வக்கீல் வைக்க முடியாதவருக்காக யூனியன் நிர்வாகி ஆஜராகலாம்.

இதன் குறை தொகையில் இருக்கிறது. மாதம் ஒரு லட்சம் வாங்கிய முப்பது வயது மாலுமி இறந்தாலும், 2020இல் அறிவித்த ரூ.15,000 மாதச் சம்பள உச்சவரம்பின் பாதியான ரூ.7,500ஐ அந்த வயதுக்குரிய காரணியான 207.98ஆல் பெருக்கி ரூ.15,59,850 என்றுதான் கணக்கு வரும்.

வேலை ஒப்பந்தப்படி உரிமையாளரின் காப்பீட்டாளரான பி அண்ட் ஐ கிளப்பிடம் கேட்டால், வெளிநாட்டுக் கப்பல்கள் யூனியனோடு செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தத்தில் தொகை பொதுவாக இதைவிடப் பல மடங்கு. 2017 ஜனவரி 18இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைத் திருத்தங்களின்படி, மாலுமியோ வாரிசோ காப்பீட்டாளரிடம் நேரடியாகக் கேட்கலாம். குறைவாக வாங்கிக்கொள்ளும்படி நெருக்கக் கூடாது. விசாரணைக்கு அலைய வேண்டாம், கடிதமும் ஆவணங்களும் போதும். ஆனால் தேதி குறித்துக் கூப்பிட ஆளில்லாததால், கூடுதல் ஆவணம் கேட்டு வரும் மின்னஞ்சல்களிலேயே ஆணையரிடம் மனுப் போடுவதற்கான அந்த ஓராண்டுக் கெடு கரைந்துவிடும்.

ரசீதையும் கவனிக்க வேண்டும். உடன்படிக்கையின் மாதிரி ரசீது, பணம் வாங்கினாலும் மற்றச் சட்ட உரிமைகள் போகாது என்கிறது. வாங்கிய தொகையைப் பிற கோரிக்கையில் கழிக்கலாம், அவ்வளவுதான். நான் பார்த்த ஓர் ஏஜென்சியின் படிவத்திலோ, கையெழுத்துக் கோட்டுக்கு மேலே பொடி எழுத்தில் 'முழுமையான இறுதித் தீர்வு' என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடச் சொன்னேன். பணம் தாமதமானது, ஆனால் வந்தது.

பம்பாய் உயர் நீதிமன்றத்தில் கடல்சார் வழக்குகளுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி கப்பலையே பிடித்துவைக்கக் கேட்பதும் உண்டு. கப்பல் இந்தியக் கடற்பரப்பில் இருந்தால்தான் அது நடக்கும், செலவும் அதிகம்.

என் யோசனை, கிளப்புக்கு எழுதிய வாரமே ஆணையரிடமும் மனுவைப் போட்டுவிடுவது. பேச்சுவார்த்தை நடக்கட்டும், கெடுவும் காப்பாற்றப்படட்டும். காயம்பட்டவர் சைன் ஆஃப் ஆகிக் கப்பலைவிட்டு இறங்குவதற்கு முன்பே விபத்து அறிக்கை, கப்பலின் பதிவேடான லாக் புக் பக்கம், அறிவிப்புப் பலகையில் இருக்கும் காப்பீட்டுச் சான்றிதழ் மூன்றையும் போனில் படம் எடுத்துக்கொண்டால், பிறகு அவற்றுக்காகக் கம்பெனியிடம் கெஞ்ச வேண்டியதில்லை.